1972-இல் எண்ணப்பட்டவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இரண்டு வருடமாக உங்கள் தளத்தைப் படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. என்னுடையது பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், வீட்டில் பேசுவது கிரியோல், அதனால் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். வயது 29. மொரீசியஸில், காத்ர் போர்ன் ஊரில் இருக்கிறேன்.

இந்த வருடத் தைப்பூசத்தன்று எங்கள் கோவிலில் காவடியெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, அபிஷேகத்துக்கு முன்னால், ஒரு கட்சிக்காரர் இருபது நிமிடம் பேசினார். ரோடு போட்டது, பென்ஷன் கூட்டியது, தமிழர்களுக்குத் தன் கட்சி என்னென்ன செய்தது எல்லாம். என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் வெளியே போய் நின்றுகொண்டோம். எனக்குத் தோன்றுவது இதுதான்: எங்கள் தலைமுறைக்கு இதில் நாட்டமே இல்லை, கோவிலுக்கும் சர்ச்சுக்கும் மசூதிக்கும் போகிறவர்களே குறைந்து வருகிறார்கள், ஆகவே இன்னும் இருபது வருடத்தில் மதம் இந்த நாட்டு அரசியலை விட்டுத் தானாகவே போய்விடும். 2024 தேர்தலில் எல்லாச் சமூகமும் ஒரே பக்கம் சாய்ந்து, தீவின் 60 இடமும் ஒரே கூட்டணிக்குப் போய் 60-0 ஆனதே அதற்கு அடையாளம் இல்லையா? அப்பா இதைக் கேட்டால் சிரிக்கிறார். "நமக்கென்று ஒரு மந்திரி இல்லாவிட்டால் நம்மை யார் எண்ணுவார்கள்?" என்கிறார். இன்னொரு பக்கம் இந்தியாவில் நடப்பதெல்லாம் தினமும் போனில் வந்து விழுகிறது. அந்த அலை இங்கேயும் அடிக்குமா என்று பயமாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கோவில் சங்கத்துக்கு இளைஞர் யாராவது வேண்டும், கமிட்டியில் சேர் என்கிறார்கள். சேரலாமா?

(பெயர் போட வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் தமிழில் நான் தொட்டது நாலைந்து ஒற்று மட்டும்தான்.

அப்பா கேட்ட கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "யார் எண்ணுவார்கள்" என்கிறார். யார் பார்த்துக்கொள்வார்கள், யார் உதவுவார்கள் என்று அவர் கேட்கவில்லை. மொரீசியஸ் அரசியலில் மதம் என்று நாம் சொல்வதில் பக்தி கொஞ்சம்தான், மீதியெல்லாம் தலைக்கணக்கு. அதனால்தான் கோவிலுக்குப் போகிற கூட்டம் குறைந்தால் அரசியலில் மதமும் குறைந்துவிடும் என்ற உங்கள் முடிவை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வருடம் முழுக்கக் கோவில் பக்கமே வராதவர், மந்திரிசபை பதவியேற்ற அன்று சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்து நம்மவர் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் எண்ணியிருக்கிறேன்.

நம் அரசியல் சட்டத்தில் அரச மதம் என்று எதுவும் கிடையாது. ஆனால் அதன் முதல் அட்டவணையை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நாட்டு மக்களை நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது: இந்து, முஸ்லிம், சீன மொரீசியர், அப்புறம் இந்த மூன்றிலும் சேராத எல்லோரையும் கொண்டுபோய்ச் சேர்த்த 'ஜெனரல் பாப்புலேஷன்'. யார் எதில் என்பதை அவரவர் வாழ்க்கை முறையைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். வாழ்க்கை முறை என்றால் எது என்று ஓரிடத்திலும் விளக்கம் இல்லை. என் பெரியப்பா மகன் கத்தோலிக்கர். அவர் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை ரசம் உண்டு, எங்கள் வீட்டு ஏழு கறிச் சாப்பாட்டுக்கு அவர் பிள்ளைகள்தான் முதலில் வந்து இலை போடுவார்கள், எங்கள் இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவர்தான். தேர்தலில் நின்றால் நான் ஒரு சமூகம், அவர் வேறு சமூகம்.

இது எதற்கு என்றால், நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது 62 பேரை. தீவின் 20 தொகுதிக்கும் மூன்று மூன்று பேர், ரோட்ரிக்ஸ் தீவுக்கு இரண்டு பேர். அதற்கு மேல் எட்டு இடம் வரை 'பெஸ்ட் லூசர்' என்று தோற்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள், எந்தச் சமூகத்துக்கு ஆள் குறைவாக வந்திருக்கிறது என்று பார்த்து. குறைவு என்று சொல்ல மக்கள்தொகைக் கணக்கு வேண்டும் இல்லையா, அந்தக் கணக்கு 1972-இல் எடுத்தது. கணக்கெடுப்பில் உன் சமூகம் எது என்று கேட்கிற வழக்கத்தை 1982-இல் சட்டம் திருத்தி நிறுத்திவிட்டார்கள். ஆனால் இந்த எட்டு இடத்தைப் பங்கு போட இன்றைக்கும் அதே 1972 கணக்குதான்.

1972-இல் எனக்கு ஏழு வயது. கணக்கெடுக்க வந்தவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து எழுத, அப்பா நின்றுகொண்டே பதில் சொன்னது மங்கலாக நினைவிருக்கிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒன்பது பேர். அதில் இன்று உயிரோடு இருப்பது நானும் என் தங்கையும்தான். ஆனால் ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் எட்டு இடத்தைப் பங்கு போடுகிறபோது அந்த ஒன்பது பேரும் எழுந்து வருகிறோம். பாட்டி வருகிறார், காசநோயில் செத்துப்போன சித்தப்பா வருகிறார், நான் ஏழு வயதுப் பையனாக வருகிறேன். நீங்கள் வருவதில்லை தம்பி. அந்தக் கணக்கில் நீங்கள் பிறக்கவே இல்லை.

இதை எதிர்த்தவர்கள் உண்டு. வேட்பு மனுவில் சமூகத்தின் பெயரை எழுத மாட்டோம் என்று சிலர் மறுத்தார்கள், அவர்களுடைய மனு தள்ளுபடியானது. விஷயம் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனது. இப்படிச் சமூகத்தை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது சரியில்லை என்று அந்தக் குழு 2012-இல் சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் ஒரு முறை விலக்குக் கொடுத்தார்கள். அப்புறம் பழையபடிதான்.

சரி, அப்படியென்றால் இதை ஒழித்துவிட வேண்டியதுதானே என்று உங்கள் வயதில் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது கொஞ்சம் உங்கள் அப்பா பக்கம் நின்று பேச வேண்டியிருக்கிறது. 1967 ஆகஸ்ட் தேர்தலில் நூற்றுக்கு 44 பேர் சுதந்திரத்தை எதிர்த்த கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். நம் தமிழர்களிலும் நிறையப் பேர் அந்தக் கட்சியின் சேவல் சின்னத்துக்குத்தான் போட்டார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டால் பெரிய சமூகத்தின் கையில் நாம் என்ன ஆவோம் என்ற பயம் அவர்களுக்கு. 1968 ஜனவரியில், சுதந்திரத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லாதபோது, தலைநகர் போர்ட் லூயிஸில் கிரியோல்களுக்கும் (பெரும்பாலும் ஆப்பிரிக்க வழி வந்தவர்கள்) முஸ்லிம்களுக்கும் நடுவே கலவரம் வெடித்து, பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் பாயையும் பானையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரவர் ஆட்கள் இருக்கிற தெருவுக்குப் போனார்கள். எங்கள் அத்தை வீட்டில் அப்படி வந்து தங்கிய ஒரு குடும்பம் பிறகு திரும்பிப் போகவே இல்லை. அந்த நாளில் பாராளுமன்றத்தில் உனக்கு ஒரு இடம் நிச்சயம் என்று சட்டமே எழுதிக் கொடுத்தது பல பேரை ராத்திரி தூங்க வைத்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பயந்தவனைப் பார்த்துப் பயப்படாதே என்று சொல்வது சுலபம்.

ஆனால் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். தமிழ் மந்திரி என்று ஒருவர் வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சட்டத்தின் கணக்கில் நாம் இந்து சமூகத்துக்குள்தான் இருக்கிறோம். பேச்சில்தான் வேறு: இங்கே 'இந்து' என்றால் வட இந்தியாவிலிருந்து போஜ்புரி பேசி வந்தவர்கள், நாம் 'தமிழ்'. உன் மதம் என்ன என்று கேட்டால் நம் பிள்ளைகள் தமிழ் என்றே பதில் சொல்லும். வேறு எந்த நாட்டுத் தமிழருக்கும் இது விளங்காது. சென்னையில் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் விளக்கம் சொன்னேன். ஆக, அந்தத் தமிழ் மந்திரி இடம் நமக்குக் கிடைப்பது கட்சித் தலைவர்கள் பேரம் பேசி விட்டுக்கொடுப்பதால்தான், அதைக் கொடுத்தவர் நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். பெரிய இடத்துக்கு வந்த தமிழர்கள் இல்லாமல் இல்லை. வீராசாமி ரிங்காடு கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்து 1992-இல் குடியரசின் முதல் ஜனாதிபதியானார். எங்கள் ஊரில் அன்றைக்குப் பாயசம் கொடுத்தார்கள். ஆனால் அதிகாரம் இருக்கிற நாற்காலி பிரதமர் நாற்காலி. 1968-இலிருந்து அதில் உட்கார்ந்தவர்கள் ஐந்தே பேர்: ராம்கூலம் வீட்டில் அப்பாவும் மகனும், ஜக்நாத் வீட்டில் அப்பாவும் மகனும், நடுவில் 2003-லிருந்து 2005 வரை பால் பெராஞ்சே. இந்து அல்லாத பிரதமர் அவர் ஒருவர்தான், அதுவும் கூட்டணி ஒப்பந்தப்படி பாதியில் கைமாறி வந்த பதவி. அவருடைய கட்சி 1969-இல் தொடங்கியபோது இனச் சண்டை வேண்டாம், வர்க்கப் போராட்டம்தான் என்று சொல்லி வந்த கட்சி. எங்கள் அண்ணன்மார் அந்தப் பேச்சைக் கேட்டு வேலையை விட்டுவிட்டுப் போஸ்டர் ஒட்டினார்கள். அந்தக் கட்சியே 1982-இல் ஜெயிக்கப் போகும்போது பிரதமராக முன்னால் நிறுத்தியது அனிரூத் ஜக்நாத்தை. அவர் திறமையானவர் என்பது வேறு, பிரதமர் முகம் எந்தச் சமூகத்துடையதாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது உங்கள் 60-0 விஷயத்துக்கு வருகிறேன். இது மூன்றாவது 60-0. முதலாவது அந்த 1982. ஒன்பது மாதத்தில் அந்த அரசு உடைந்து, 1983 ஆகஸ்டில் மறுபடி தேர்தல் வந்தபோது சமூகத்தை வைத்து நடந்த பிரசாரத்தை நான் பதினெட்டு வயதில் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது 1995. அந்தத் தேர்தலே எதனால் வந்தது தெரியுமா, ஆறாம் வகுப்புத் தேர்வில் தமிழ், இந்தி, உருது மாதிரியான கீழை மொழிகளின் மதிப்பெண்ணைத் தரவரிசைக்குச் சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டையில் வந்தது. 2024-இல் மக்கள் கோபம் விலைவாசி மேல், அப்புறம் 'மிஸ்ஸி முஸ்தாஸ்' என்ற பெயரில் வெளிவந்த ஒட்டுக்கேட்பு ஒலிப்பதிவுகள் மேல். தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது சமூக வலைத்தளங்களையே முடக்கப் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்ததும் மறுநாளே விட்டுவிட்டார்கள். ஓட்டுப் போட்டவர்கள் மதம் பார்க்கவில்லை என்று நீங்கள் சொல்வது உண்மை, எனக்கும் அது பெரிய சந்தோஷம். ஆனால் அந்த 60 பேரை எப்படிப் பொறுக்கினார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு தொகுதியாக, இங்கே எந்தச் சமூகம் எத்தனை பேர், ஆகவே மூவரில் யார் யார் என்று இரண்டு பக்கமும் பழைய தராசில் நிறுத்தித்தான் பட்டியல் போட்டார்கள். தேர்தல் முடிந்து எதிர்க்கட்சித் தலைவராக ஆனவரே பெஸ்ட் லூசர் வழியாக உள்ளே வந்தவர்.

ஒரு பழைய கதை. எங்கள் சின்ன வயதில் கால்பந்து அணிகள் எல்லாம் சமூகத்தின் பெயரில்தான் இருந்தன. ஹிந்து கேடட்ஸ், முஸ்லிம் ஸ்கவுட்ஸ், கிரியோல்களுக்கு ஃபயர் பிரிகேட், வெள்ளைக்காரர்களுக்கு டோடோ. நமக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மைதானம் தாங்காது, மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்ப்போம். பிறகு மதப் பெயர்களை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்கு எந்த அணி யாருடையது என்பது மறக்கவில்லை. 1999 மே மாதம் ஸ்கவுட்ஸுக்கும் ஃபயர் பிரிகேடுக்கும் நடந்த ஆட்டம் முடிந்ததும் கலவரமாகி, போர்ட் லூயிஸில் அமிகால் சூதாட்ட விடுதியை எரித்ததில் ஏழு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அணிகளை ஊர்வாரியாக மாற்றினார்கள். சண்டை நின்றது. கூட்டமும் நின்றது, இன்றைக்கு உள்ளூர் ஆட்டத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. சமூகத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு ஏதோ ஒரு பற்று வளர்ந்திருக்க வேண்டும், அதை யாரும் வளர்க்கவில்லை. தேர்தல் சீர்திருத்தம் என்ற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிற இந்த நேரத்தில் எனக்கு அடிக்கடி அந்தக் காலி மைதானம்தான் ஞாபகம் வருகிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரசு மத அமைப்புகளுக்கு ஆண்டுதோறும் மானியம் தருகிறது, மக்கள்தொகைக் கணக்கில் எந்த மதத்தில் எத்தனை பேர் என்று பார்த்துத் தலைக்கு இவ்வளவு என்று. நம் கோவில்களுக்கும் அதில் பங்கு வருகிறது. குருக்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்க முடிவது அதனால்தான், அதை நான் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் சமூகம் எது என்ற கேள்வியை எடுத்த பிறகும் மதம் எது என்ற கேள்வி படிவத்தில் இருக்கிறது, அந்தப் பதிலுக்கு ஒரு விலையும் இருக்கிறது. 2011-லும் 2022-லும் கணக்கெடுப்பு வந்தபோது எங்கள் கோவிலில் பூசை முடிந்து மைக்கில் சொன்னார்கள், மதம் என்ற இடத்தில் 'தமிழ்' என்று எழுதுங்கள், வேறு எதையும் எழுதாதீர்கள் என்று. சாமியே கும்பிடாத என் தம்பி மகனும் அப்படித்தான் எழுதினான். இருபது வருடம் கழித்து உங்கள் தலைமுறை கோவிலுக்கு வராமல் போகலாம், படிவத்தில் எழுதுவதை விடாது. அதனால்தான் தானாகப் போய்விடும் என்பதை நான் நம்பவில்லை. எண்ணினால் பணம், எண்ணினால் சீட், எண்ணினால் மந்திரி என்று இருக்கிற வரைக்கும் எவ்வளவு படித்தவனும் எண்ணிக்கொண்டுதான் இருப்பான்.

1998 உங்களுக்கு நினைவிருக்காது. புதிய ரூபாய் நோட்டுகள் வந்தன. அதுவரைக்கும் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், பிறகு இந்தி என்ற வரிசை. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தனாராகவும் தச்சராகவும் வந்தவர்கள் நாம், இந்தியாவிலிருந்து முதலில் வந்தது நாம்தான், அதனால் அந்த வரிசை என்று எங்கள் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். புது நோட்டில் இந்தி மேலே போய் தமிழ் கீழே வந்துவிட்டது. தமிழர்கள் கொதித்தெழுந்தோம். கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள். நாங்கள் கேட்டது நியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் எங்கள் ஊர்க் கூட்டம் கோவில் மண்டபத்தில் நடந்தது, முதல் நாள் எழுத்தைப் பற்றி இருந்த பேச்சு மூன்றாம் நாள் 'அவர்கள்' என்று ஆகிவிட்டது, நானும் மைக் பிடித்துப் பேசினேன். அதற்கு மூன்று மாதம் கழித்து, 1999 பிப்ரவரியில், கிரியோல் பாடகர் காயா போலீஸ் காவலில் செத்துப்போனார். கிரியோல் குடியிருப்புகள் கொதித்து நாடே மூன்று நான்கு நாள் நின்றுபோனது. ஒரு ரூபாய் நோட்டில் ஒரு வரி கீழே இறங்கியதற்குக் கூடிய நாங்கள், ஒரு மனிதன் செத்ததற்கு அந்த மண்டபத்தில் ஒரு நாள் விளக்குக்கூட ஏற்றவில்லை. அவர் நம் ஆள் இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை.

இந்திய அலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வந்துவிட்டது. 2024 ஜனவரி 22 அன்று அயோத்தி பிரதிஷ்டைக்காக இந்து அரசு ஊழியர்களுக்கு இரண்டு மணி நேரச் சிறப்பு விடுப்பு என்று நம் மந்திரிசபை முடிவெடுத்தது. அரசு வேலையில் இருக்கிற என் பழைய மாணவி ஒருத்தி முந்தின நாள் போன் செய்து, "சார், இந்தக் கணக்கில் நான் இந்துவா இல்லையா, போனால் எல்லோரும் பார்ப்பார்கள், போகாவிட்டாலும் பார்ப்பார்கள்" என்றாள். இரண்டு மணி நேரம்தான். ஆனால் அலுவலகத்தில் யார் எழுந்து போகிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அரசே எல்லோரையும் எண்ண வைத்துவிட்டது. 2025 மார்ச்சில் இந்தியப் பிரதமர் வந்தபோது கும்பமேளாத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களின் பக்தியை நான் குறை சொல்ல மாட்டேன், சிவராத்திரிக்குக் கங்கா தலாவ் ஏரி வரை ராத்திரியெல்லாம் நடந்து போகிறவர்களுக்கு என் மனைவி எலுமிச்சைத் தண்ணீர் கொடுப்பது வழக்கம். என் கவலை வேறு. இந்துக்கள் எல்லாம் ஒன்று என்று அந்த அலை சொல்லும், இங்கே தமிழர், தெலுங்கர், மராட்டியர் என்று தனித்தனிக் கோவிலும் தனித்தனிச் சங்கமும் இருப்பதால் அது நம்மேல் வந்து மோதும்போது நம்மில் பலர் எதிர்ப்பக்கம் ஓடி 'தமிழ் மதம்' என்று இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். இப்போதே வாட்ஸாப்பில் அந்த வாடை அடிக்கிறது. ஒன்றாய்க் கரைந்தாலும் இறுகினாலும் லாபம் மேடையில் நிற்பவருக்குத்தான். முருகனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

கமிட்டி விஷயம். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் எங்கள் கோவில் சங்கத்துச் செயலாளர். அந்த வருடக் காவடிக்கு மந்திரி ஒருவர் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. காவடிகள் பத்தே முக்காலுக்கே கோபுர வாசலுக்கு வந்துவிட்டன. மந்திரி வரட்டும், கேமரா இருக்கும், ஊர்வலம் அவர் கண் முன்னால் உள்ளே போனால்தான் அழகு, கொஞ்சம் நிறுத்தி வை என்று தலைவர் சொன்னார். நான்தான் போய் நிறுத்தினேன். நாற்பது நிமிடம். பிப்ரவரி வெயில், தார் ரோடு, எல்லோரும் வெறுங்கால், பத்து நாள் விரதம், சிலர் நாக்கில் வேல். பால்குடம் எடுத்து வந்த அம்மா ஒருவர், எழுபது வயதுக்கு மேல், நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்துவிட்டார். செம்பு உருண்டு பால் ரோட்டில் ஓடியது. மலையடிவாரம் வரை நடந்து வந்தும் பால் திரியாமல் இருந்தால் வேண்டுதல் பலித்தது என்று நம்புகிறவர்கள் நாம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெற்றியில் ரத்தம் வந்ததை அவர் கவனிக்கவே இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு "என் பால், என் பால்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மந்திரி வந்தார், பதினைந்து நிமிடம் பேசினார். அவர் தமிழில் சொன்ன நான்கு வரியும் நான் எழுதிக் கொடுத்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்த பொதுக்குழுவில், கொடியேற்றத்திலிருந்து கொடி இறக்குவது வரை கட்சிக்காரர் யாருக்கும் மைக் கிடையாது என்று தீர்மானம் கொண்டுவந்தேன். தோற்றது. ரோடு அனுமதி வராது, மானியம் தாமதமாகும், நிலக் குத்தகை என்ன ஆகும் என்று ஆளுக்கு ஒரு பயம் சொன்னார்கள். அடுத்த வருடமும் தோற்றது. மூன்றாவது வருடம் ஆறு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது, பெண்கள் வந்து ஓட்டுப் போட்டதால்தான் நிறைவேறியது. மந்திரிகள் இன்றைக்கும் வருகிறார்கள். வரிசையில் நின்று விபூதி வாங்கிக்கொண்டு, இலையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ரோடு அனுமதி ஒரு வருடமும் நிற்கவில்லை.

ஆகவே சேருங்கள் தம்பி. வெளியே போய் நின்றால் அந்த இருபது நிமிடம் அடுத்த வருடம் முப்பது நிமிடமாகும். சேர்ந்ததும் முதல் கூட்டத்திலேயே சண்டை வேண்டாம். அரசு மானியம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று ஒரு தாளில் எழுதிக் கோவில் வாசலில் ஒட்டலாமே என்று மட்டும் கேளுங்கள், கணக்குத் தெரிந்த பையன் என்று பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள். மைக் விஷயத்தைப் பிறகு எடுங்கள். முதல் தடவை தோற்பீர்கள். அக்கா தங்கைகள், அத்தைமார்கள், சமையல் கட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் சந்தா கட்டி உறுப்பினராக்கி வையுங்கள், அதற்கே ஒரு வருடம் பிடிக்கும். முடிந்தால் காத்ர் போர்னில் உங்கள் தெரு சர்ச் இளைஞர்களையும் பக்கத்து மசூதிப் பையன்களையும் ஒருநாள் கூப்பிட்டு உட்கார்ந்து பேசுங்கள். அவர்களுடைய மேடையிலும் இதே ஆட்கள்தான் வேறு துண்டு போட்டுக்கொண்டு பேசுகிறார்கள், அவர்களும் வெளியே போய்த்தான் நிற்கிறார்கள்.

பொதுக்குழு எந்தத் தேதி என்று எழுதுங்கள். சனிக்கிழமையாக இருந்தால் ரோஸ் ஹில்லிலிருந்து நானும் பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். அப்பாவையும் கூட்டி வாருங்கள். 1972-இல் அவருக்கு எத்தனை வயது, அன்றைக்கு அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று அதற்குள் கேட்டு வையுங்கள்.

அன்புடன்.